தாமிரபரணிக்கு ஒரு நாள்: மேற்கே பாபநாசமா, கிழக்கே ஸ்ரீவைகுண்டமா?

திருநெல்வேலி ஜங்ஷனில் போய் நின்றால் ஆற்றைப் பார்க்க இரண்டு வண்டி இருக்கிறது. செங்கோட்டை வண்டி சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றை எதிர்த்து மேற்கே போகும். திருச்செந்தூர் வண்டி செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றோடு கிழக்கே இறங்கும். வெளியூர்க்காரர் யாராவது "ஒரு நாள்தான் இருக்கு, ஆத்தங்கரைப் பக்கம் எங்க போகலாம்?" என்று கேட்டால் ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் யோசிக்காமல் பாபநாசம் என்பார்கள். நானும் பல வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் யார் யார் வருகிறீர்கள், எந்த மாசம் என்று கேட்காமல் வாயைத் திறப்பதில்லை.

முதலில் குளியல். இதில் போட்டியே கிடையாது, மேற்குதான். பாபநாசத்துக்கு மேலே இருக்கிற அகஸ்தியர் அருவி குற்றாலம் மாதிரி சீசனை நம்பி இருப்பதில்லை. மேலே அணையும் மின்நிலையமும் இருப்பதால் வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும். மே மாசத்துச் சென்னை வெயிலில் வெந்து வந்தவர்களை அதற்கு அடியில் நிறுத்திவிட்டால் அப்புறம் அவர்களை வெளியே இழுப்பதுதான் பெரிய வேலை. ஆனால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. செக்போஸ்ட்டில் வண்டியைச் சோதிப்பார்கள், பிளாஸ்டிக் இருந்தால் போச்சு, சோப்பு ஷாம்பூவுக்கும் இடமில்லை, சாயங்காலம் நேரம் கழித்துப் போனால் மேலே விடமாட்டார்கள். மழை வலுத்தால் குளிக்கவே தடை போட்டுவிடுவார்கள். அதனால் ஐப்பசி கார்த்திகையில் போகிறவர்கள் ஊரில் ஒருத்தரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

பாபநாசம் கோயில் படித்துறை வேறு கதை. தண்ணீர் அருமை, கூட்டம்தான் கொடுமை. பாவம் தீர மூழ்குகிறவர்கள் கட்டின துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். போன தடவை முங்கி எழுந்தபோது என் காலில் யாருடைய பாவமோ ஒரு கரை வேட்டியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. சுத்தம் செய்கிறவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மூழ்குகிறவர்கள் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பழக்கமில்லாத இடத்தில் இறங்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே சும்மா சலசலவென்று ஓடும், கீழே கசம், அதாவது ஆழமான பள்ளம், கிடக்கும்.

கிழக்கே குளிக்கலாம் என்று யாரையும் கூட்டிப்போக மாட்டேன். திருநெல்வேலி ஊரையே கழுவிவிட்டு வருகிற தண்ணீர் அது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நின்று பார்க்கலாம், தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அதுதான், அங்கிருந்து வடகால் தென்கால் என்று வாய்க்கால்கள் பிரிந்து வயலுக்குப் போகும். ஆனால் பல இடத்தில் ஆறு தெரியாத அளவுக்கு அமலைச் செடி படர்ந்து கிடக்கும், பார்க்கவே வயிற்றெரிச்சல்.

பார்க்கிற இடங்கள் என்று வந்தால்தான் கிழக்கு மேலே ஏறுகிறது. மேற்கில் உண்மையாகவே அசத்துகிற இடம், என் கணக்கில், திருப்புடைமருதூர் ஒன்றுதான். கடனா ஆறு தாமிரபரணியோடு கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர், நாறும்பூநாதர் கோயில், கோபுரத்துக்குள் அடுக்கு அடுக்காகப் பழைய சுவரோவியமும் மரச் சிற்பமும். முன்கூட்டிக் கேட்டு அனுமதி வாங்காமல் போய்க் கோபுர வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறையப் பேர். ஓவியம் கிடைக்காவிட்டாலும் ஊர் மரங்களில் பறவைகள் கிடைக்கும். 2005-இல் அந்த ஊரையே பறவைகளுக்கான காப்பிடமாக அறிவித்தார்கள், ஊர்க்காரர்களும் அதைக் காப்பாற்றி வருகிறார்கள். மணிமுத்தாறு அணை பார்க்க அழகுதான், ஆனால் அணை அணைதானே. போகிற வழியில் பத்தமடையில் இறங்கினால் கோரைப்பாய் பார்க்கலாம். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு இழை இழையாகக் கிழித்து நெய்கிற பட்டுப் பாய் துணி மாதிரி மடியும். கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பேரைப் பாயிலேயே நெய்து வாங்குகிற வழக்கம் இன்னும் இருக்கிறது.

கிழக்கே வாருங்கள். காரில் போனால் திருச்செந்தூர் ரோட்டில் முதலில் வருவது கிருஷ்ணாபுரம். இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவன் சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள், தூக்கின பாரத்தில் அவன் விலா எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். கல்லில் மூச்சு வாங்க வைத்திருக்கிறார்கள். அடுத்து ஆதிச்சநல்லூர், இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், அப்புறம் அலெக்சாண்டர் ரியா 1899-இலிருந்து சில வருஷம் தோண்டித் தாழிகளும், இரும்பு, வெண்கலப் பொருள்களும், நெற்றியில் கட்டுகிற தங்கப் பட்டமும் எடுத்தார். பல வருஷமாக அங்கே போனால் ஒரு போர்டும் செம்மண் மேடும்தான், நம்பிக் கூட்டிப்போனவர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். 2023-இலிருந்து அந்தத் திட்டு இல்லை. குழிக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்டுவிட்டார்கள். காலுக்குக் கீழே தாழி, அது புதைத்த இடத்திலேயே. அதன் மேல் நடக்கும்போது குழந்தைகள்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் நவதிருப்பதி, ஒன்பது பெருமாள் கோயில்கள். ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று பட்டியல் போட்டு ஓடுகிற வேன்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பெருமாளைப் பார்த்த நேரத்தைவிட டிரைவர் ஹாரன் அடித்த நேரம் அதிகம். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, இந்த மூன்று போதும். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுவதற்கே அரை மணி நேரம் வேண்டும். கொற்கைக்கு ஆசையோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாண்டியர் முத்துத் துறைமுகம் என்று நினைத்துக்கொண்டு போனால் வயலும் ஒரு வன்னிமரமும்தான் இருக்கும், கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. எனக்கு அதுவே பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்காது.

இனி சாப்பாடு. மேற்கில் ஏமாற்றம் என்று சொன்னால் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனால் பாபநாசத்தில் மத்தியானம் பசியோடு அலைந்தவர்களுக்குத் தெரியும். அருவிக் குளியல் பசியில் எது கிடைத்தாலும் அமிர்தமாக இருக்கும் என்பதால்தான் அந்தக் கடைகள் தப்பிக்கின்றன. அந்தப் பக்கத்து நல்ல சாப்பாடு எல்லாம் வீட்டுக்குள் இருக்கிறது. தேங்காய்ப்பால் சொதி, கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். கல்யாணத்துக்கு மறுநாள் யாராவது கூப்பிட்டால் உண்டு, கடையில் தேடினால் அபூர்வம். வாங்கிப் போக வேண்டுமானால் கல்லிடைக்குறிச்சி அப்பளம். எண்ணெயில் போட்டதும் விரிகிற விரிவுக்கு ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள். எனக்கு என்னவோ உளுந்து இடிக்கிற பக்குவத்துக்கும் அதில் பங்கு உண்டென்று தோன்றும்.

கிழக்கில் சாப்பாடு கடைக்குள் இல்லை, ரோட்டோரத்தில் இருக்கிறது. சித்திரையில் அம்மாவோடு போயிருந்தேன். நவதிருப்பதியில் ஒன்றான திருக்கோளூர் போய்ச் சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது, நடை சாத்தியாகிவிட்டது, இனி சாயங்காலம்தான். தப்பு என்னுடையது, அம்மா அதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டே ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது சைக்கிளில் ஒருத்தர் கடைசிப் பானைப் பதனியோடு வந்தார். "சொம்புலயா, பட்டையிலயா?" என்றார். "பட்டையிலயே ஊத்துங்க அண்ணாச்சி" என்றாள் அம்மா, என்னைக் கேட்கவேயில்லை.

பச்சைப் பனையோலையை விரித்து, மடக்கி, நுனியை ஒரு முடிச்சுப் போட்டால் தோணி மாதிரி ஆகிவிடும். அதில் இரண்டு நுங்கைக் கட்டைவிரலால் நோண்டிப் போட்டுப் பதனியை ஊற்றினார். இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கவேண்டும், பாதி முழங்கை வழியாகத்தான் இறங்கும். முதலில் ஓலை வாசம், அப்புறம் இனிப்பு, அடியில் மெலிசாகச் சுண்ணாம்பு. புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் தடவுகிறது அது. கொஞ்சம் கூடிப்போனால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும், அன்றைக்குக் கூடவில்லை. அம்மா மூன்று பட்டை குடித்தாள். பெருமாளைப் பார்க்காத கோபம் அதோடு போய்விட்டது.

பதனி மாசி பங்குனியில் ஆரம்பித்து ஆனி வரைக்கும்தான். மற்ற மாசத்தில் கருப்பட்டி இருக்கிறது, கருப்பட்டிக் காப்பி இருக்கிறது, கடல் பக்கம் போகப் போக மீன் குழம்பு நன்றாகிக்கொண்டே போகும், சாப்பிட்டு முடித்தால் ஆத்தூர் வெற்றிலை. அல்வாவை நான் இரண்டு கணக்கிலும் சேர்க்க மாட்டேன், அது நடுவில் திருநெல்வேலியில் இருக்கிறது.

கிழக்குக்கு ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். மார்கழி மழையில் அது பயங்கரமான இடம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது, தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை, நூற்றுக்கணக்கான பேர் வெள்ளத்துக்கு நடுவில் கிடந்தார்கள். நவம்பர், டிசம்பரில் வானிலை பார்க்காமல் அந்தப் பக்கம் டிக்கெட் எடுக்காதீர்கள்.

சரி, ஒரு நாளுக்கு என்னிடம் கேட்டால்: பிள்ளைகள் இருந்தால் மேற்கு, பேச்சுக்கே இடமில்லை. அப்பா அம்மாவோடு அல்லது தனியாக, பங்குனி சித்திரையில் வந்தால் கிழக்கு. காலை ஆறரைக்குள் கிளம்புங்கள், நடை சாத்துவதற்குள் கோயில், மத்தியானம் ஆதிச்சநல்லூர், சாயங்காலம் திரும்பும்போது அல்வா வரிசையில் நின்றுகொள்ளலாம். குடித்து முடித்த பட்டையை ரோட்டில் போடாதீர்கள், பதனிக்காரர் பக்கத்தில் எப்படியும் ஒரு மாடு நின்றுகொண்டிருக்கும், அதற்குக் கொடுத்துவிடுங்கள்.