ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷினுக்குப் பவுடரா, லிக்விடா?

எதுவானாலும் பாக்கெட்டில் 'ஃப்ரன்ட் லோட்' என்று போட்டிருக்க வேண்டும். நுரை கூடினால் துணி சரியாக அலசப்படாது.

செலவு: பவுடர் பொதுவாக மலிவு. லிக்விடைக் கண்ணளவில் ஊற்றினால் சீக்கிரம் தீரும். மூடியால் அளந்து ஊற்றுங்கள்.

கரைவது: பச்சைத் தண்ணீரில், அதுவும் 15 நிமிட வாஷில், பவுடர் முழுதாகக் கரையாது. கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டு, சோப்புத் தட்டின் மூலையில் ஈரமாவுபோல் ஒரு கட்டி. போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். லிக்விடில் இந்தத் தொல்லை இல்லை.

கறை: பள்ளிச் சீருடையின் சேற்றுக்கறை, வெள்ளை வேட்டி இரண்டுக்கும் 40 டிகிரியில் பவுடர்தான். எண்ணெய்க் கறையா? லிக்விடைக் கறைமேல் நேராகத் தேய்த்துவிட்டுப் போடலாம்.

பராமரிப்பு: எதைப் போட்டாலும் கதவு ரப்பரின் மடிப்பைத் துடைத்துவிட்டுக் கதவைச் சற்றே திறந்து வையுங்கள். லிக்விட் மட்டும் போடுபவர்கள் மாதம் ஒருமுறை ட்ரம் கிளீன் (துணி போடாமல் ட்ரம்மைச் சுத்தம் செய்யும் ஓட்டம்) ஓட்டத் தவறவே கூடாது. லிக்விடில் பெரும்பாலும் ப்ளீச் இருக்காது, அதனால் மெஷினில் வாடை வரும்.

தினமும் பச்சைத் தண்ணீரில் துவைக்கும் வீட்டுக்கு லிக்விட். வெந்நீரில் வெள்ளைத்துணி, சீருடை அதிகம் துவைப்பவர்களுக்குப் பவுடர். பவுடரை முதலில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றினால் திட்டுத் தொல்லை பெரிதும் குறையும்.