சன் என்டர்பிரைஸ் 250: தானாக ரீபூட் ஆகும் பழைய சர்வரோடு பல வருட அனுபவம்

சன் என்டர்பிரைஸ் 250 சர்வர் 1998-இல் வந்தது. இரண்டு அல்ட்ராஸ்பார்க் 2 சிபியு, அதிகபட்சம் 2 ஜிபி மெமரி, முன்பக்கமாகக் கழற்றி மாட்டக்கூடிய ஆறு ஸ்கசி டிஸ்க். நான் பார்த்துக்கொள்ளும் இயந்திரத்தில் சன்னின் யூனிக்ஸ் இயங்குதளமான சொலாரிஸ் 8 ஓடுகிறது. வேறு எதற்கும் மாற்றமுடியாத ஒரு பழைய கணக்கு மென்பொருளுக்காக அதை உயிரோடு வைத்திருக்கிறோம். வேகம், கொள்ளளவு பற்றி இன்று எழுத ஒன்றுமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் விழுந்து எழும் ஒரு சர்வரில் காரணத்தைத் தேடும்போது இந்த இயந்திரமும் சொலாரிஸும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

பலரும் ரீபூட் ஆனவுடன் மெமரியைக் கழற்றித் துடைப்பார்கள், அல்லது பேட்ச் போடுவார்கள். அதற்கு முன்னால் தெரியவேண்டியது ஒன்றுதான்: கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தானே பேனிக் ஆகி, அதாவது மீளமுடியாத பிழையைக் கண்டு நின்று, இறங்கியதா, யாராவது ரீபூட் கொடுத்தார்களா, இல்லை கெர்னலுக்கே தெரியாமல் மின்சாரமோ வன்பொருளோ காலை வாரியதா? மூன்றுக்கும் தடயம் வேறு. யாராவது முறையாக இறக்கியிருந்தால் சிஸ்டம் செய்திகள் பதிவாகும் மெசேஜஸ் கோப்பில் இறக்கப்பட்டதைக் காட்டும் ஒரு வரி இருக்கும். பேனிக் என்றால், மறுபடி எழுந்ததும் சேவ்கோர் என்ற நிரல் 'ரீபூட் ஆஃப்டர் பேனிக்' என்று காரணத்தோடு எழுதிவைக்கும். மின்சாரம் போயிருந்தால் எதுவுமே இருக்காது. சாதாரண வரிகள் ஓடிக்கொண்டே இருந்து, அடுத்த வரியிலேயே சன்ஓஎஸ் ரிலீஸ் 5.8 (சொலாரிஸ் 8-இன் உள்பெயர்) என்ற பூட் அறிவிப்பு வந்துவிடும். அந்த வெறுமையே ஒரு தடயம். எங்கள் இயந்திரம் விழுந்ததில் கணிசமான பங்கு இந்த வகைதான். லாஸ்ட் ரீபூட் கட்டளை காட்டிய நேரங்களை யூபிஎஸ் பதிவோடு வைத்துப் பார்த்தபோது, ஜெனரேட்டருக்கு மாறும் நொடிகளோடு அப்படியே பொருந்தின. பேட்டரியை மாற்றியதும் அது நின்றது. சர்வரைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

வெறுமை எப்போதும் மின்சாரத்தைக் குறிக்காது. வன்பொருள் ரீசெட் ஆனாலும் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. கடைசி வார்த்தைகள் சீரியல் கன்சோலில், அதாவது சீரியல் போர்ட் வழியாக வரும் சிஸ்டம் திரையில் மட்டும்தான் வரும். அதனால் ஒரு பழைய சர்வரை வைத்திருக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது, சீரியல் போர்ட்டை இன்னொரு கணினியோடு இணைத்து, 9600 வேகத்தில், இரவும் பகலும் கோப்பில் பதிவாக விடுங்கள் என்பதே. ஒரு கேபிள் செலவுதான். வாட்ச்டாக் ரீசெட், ரெட் ஸ்டேட் எக்செப்ஷன் போன்ற ரீசெட் செய்திகளைப் பிடிக்க இது எளிய வழி.

அந்தக் கேபிளால் வரும் ஒரு தொல்லையையும் சொல்லவேண்டும். சன் இயந்திரங்களில் கன்சோல் வழியாக பிரேக் சமிக்ஞை வந்தால் கெர்னல் அப்படியே நின்று 'ஓகே' என்ற ஃபர்ம்வேர் நிலைக்கு இறங்கிவிடும். சீரியல் டெர்மினலை அணைத்தாலே சில சமயம் அது பிரேக்காகப் போய்ச் சேரும். பார்ப்பவருக்கு சர்வர் உறைந்துபோன மாதிரி தெரியும், பவரை அணைத்துப் போடுவார்கள். காலையில் வந்து பார்த்தால் காரணமில்லாத ரீபூட். அந்த நிலையில் 'கோ' என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். உண்மையிலேயே உறைந்திருந்தால் 'சிங்க்' என்று தட்டி டம்ப் (அந்த நேரத்து மெமரியின் நகல்) எடுக்கவைக்கலாம். சொலாரிஸ் 8-இல் கேபிடி அமைப்புக் கோப்பில் கீபோர்ட் அபார்ட் என்பதை ஆல்டர்னேட் என்று மாற்றிவிட்டால், சாதாரண பிரேக்கை அது சட்டைசெய்யாது. முதல் நாளே செய்யவேண்டிய வேலை இது.

சரி, பேனிக் ஆனால்? இங்கேதான் சொலாரிஸ் மீது எனக்கு உண்மையான மரியாதை. இறங்கும்போதே கெர்னல் மெமரியை ஸ்வாப் பகுதியில் எழுதி, எழுந்ததும் சேவ்கோர் அதை யூனிக்ஸ்.0, விஎம்கோர்.0 என்று இரண்டு கோப்புகளாக வார் கிராஷ் அடைவில் போட்டுவைக்கும். டம்ப்ஆட்ம் கட்டளையை ஓட்டினால் எங்கே எழுதும், எங்கே சேமிக்கும், அது இயங்குகிறதா என்று தெரியும். வார் பகுதியில் இடம் இல்லாவிட்டால் டம்ப் சேமிக்கப்படாமலே போகும். எனவே விழுவதற்கு முன்பே இடத்தைப் பார்த்துவையுங்கள். அப்புறம் எம்டிபி என்ற டீபக்கரில் அந்த இரண்டு கோப்புகளையும் திறந்து ஸ்டேட்டஸ், எம்எஸ்ஜிபஃப், ஸ்டாக் ஆகிய மூன்றை மட்டும் கேட்டாலே பாதி விடை வந்துவிடும். மூலநிரல் தெரியவேண்டும் என்பதில்லை. ஸ்டாக்கில் (விழும்போது ஓடிக்கொண்டிருந்த செயல்களின் வரிசை) ஒவ்வொரு முறையும் அதே டிரைவரின் பெயர் வந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்திருந்தால் வன்பொருள் பக்கம் திரும்பவேண்டும்.

மெமரி விஷயத்தில் இயந்திரம் முன்கூட்டியே முணுமுணுக்கும். இசிசி (மெமரியின் பிழைதிருத்தும் வசதி) திருத்திய ஒவ்வொரு பிழையையும் மெசேஜஸ் கோப்பில் எழுதும், எந்த மாட்யூல் என்றும் சொல்லும். கூடவே இன்டர்மிட்டன்ட், பெர்சிஸ்டன்ட், ஸ்டிக்கி என்று வகைப்படுத்தும். முதல் வகை மறுபடி படித்தால் காணாமல் போவது. இரண்டாவது, திருப்பி எழுதினால் சரியாவது. மூன்றாவது எழுதினாலும் போகாதது. ஒரே மாட்யூலின் பெயர் அடிக்கடி வர ஆரம்பித்தால் திருத்தமுடியாத பிழைக்காகக் காத்திருக்காதீர்கள். எங்களிடம் பிற்பாடு சேர்த்த, எந்தக் கம்பெனி என்றே தெரியாத ஒரு மாட்யூல் அப்படித்தான் பல வாரங்கள் சொல்லிக்கொண்டே இருந்தது. மாற்றினோம், அமைதியாகிவிட்டது. இந்த மாடலில் மாட்யூல்கள் நான்கு நான்காகத்தான் வேலை செய்யும் என்பதால், உதிரி வாங்கும்போதும் அந்தக் கணக்கில் வாங்குவது நல்லது.

இந்தத் தலைமுறை சிபியுவுக்கே உரிய ஒன்று, ஈகேச் பேரிட்டி பிழை. அல்ட்ராஸ்பார்க் 2-இன் வெளிக் கேச்சுக்கு (ஈகேச் எனும் வேக மெமரி) பேரிட்டி மட்டுமே பாதுகாப்பு. ஒரு பிட் மாறியதைக் கண்டுபிடிக்கும், திருத்தத் தெரியாது. மாற்றி எழுதப்பட்ட தரவு கேச்சில் மட்டும் இருக்கும்போது அது கெட்டால், கெர்னலுக்கு பேனிக் ஆவதைத் தவிர வழியில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களையே இது அலைக்கழித்தது. பின்னால் வந்த கெர்னல் பேட்ச்களில் கேச்சை அவ்வப்போது சுத்தம் செய்யும் வசதி சேர்ந்தது. ஆகவே 108528 வரிசைக் கெர்னல் பேட்ச் எந்த அளவுக்குப் புதியது என்று பார்ப்பது அவசியம். பேனிக் செய்தியில் வரும் சிபியு எண்ணை அப்படியே நம்பி மாட்யூலைக் கழற்றவும் வேண்டாம். ஒரு சிபியுவின் கேச்சிலிருந்து இன்னொன்று தரவை வாங்கும்போது பிழை வெளிப்பட்டால், புகார் சொல்வது ஒன்றும் கெட்டது வேறொன்றுமாக இருக்கலாம். கன்சோல் பதிவில் முன்பின் உள்ள வரிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

வயதால் வரும் இன்னொரு தலைவலி, மின்சாரம் போனாலும் அமைப்புகளை நினைவில் வைக்கும் என்விராம் சிப். பேட்டரி அதற்குள்ளேயே இருக்கிறது. அது தீர்ந்தால் ஹோஸ்ட் ஐடியும் (இயந்திரத்தின் அடையாள எண்) ஈதர்நெட் முகவரியும் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. கடிகாரமும் போய்விடும் என்பதுதான் நம் வேலையைக் கெடுப்பது. தேதி தவறிப்போனால் மெசேஜஸ் கோப்பில் நேரங்கள் முன்னும் பின்னும் குதிக்கும், யூபிஎஸ் பதிவோடு ஒப்பிடவே முடியாது. பூட் ஆகும்போது டிஓடி (நேரம் காக்கும்) கடிகாரம் பற்றிய எச்சரிக்கை ஒருமுறை வந்தாலே சிப்பை மாற்றிவிடுங்கள். மாற்றுவதற்கு முன் ஹோஸ்ட் ஐடியைக் குறித்துக்கொள்ளவும், மென்பொருள் உரிமம் அதைச் சார்ந்திருக்கலாம்.

2010-இல் ஆரக்கிள் சன்னை வாங்கிய பிறகு பேட்ச்கள் ஆதரவு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. எனவே புதிதாக ஒருவர் இந்த இயந்திரத்தை வாங்கி வேலைக்குப் போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் யூஎஃப்எஸ் (சொலாரிஸின் கோப்பமைப்பு) பகுதிகளை லாக்கிங் வசதியோடு மவுன்ட் செய்து, கன்சோல் பதிவையும் டம்ப் இடத்தையும் சரிபார்த்துவிட்டு, ஒரு தொகுதி மெமரியும் ஒரு பவர் சப்ளையும் உதிரியாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.