ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஹாரன்: ரிலே போட்டு ஐந்து மழைக்காலம் கழித்து

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரில் ஹாரன் செத்துவிட்டால் நேரே சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைக்குப் போய்ப் புது ஹாரன் வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டு நாள் சத்தமாக அடிக்கும், மூன்றாம் நாள் பழைய கதைதான். கோளாறு ஹாரனில் இருப்பது குறைவு. ஸ்டீயரிங் வழியாக வரும் எர்த்தில்தான், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையில்தான், பெரும்பாலும் இருக்கும்.

பழைய வயரிங்கில் ஃபியூஸ் வழியாக ஹாரனுக்குக் கரண்ட் எப்போதும் வந்து நிற்கும். பட்டனை அழுத்தினால் மறுமுனை எர்த் ஆகும். அந்த எர்த், பட்டனிலிருந்து ஸ்டீயரிங் தண்டு வழியாகப் பாடிக்கு வர வேண்டும். நடுவில் தண்டை இணைக்கும் ரப்பர் கப்ளிங் இருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் கப்ளிங்கைத் தாண்ட ஒரு சின்னச் செம்புப் பட்டையைப் பாலம் மாதிரிப் போட்டிருப்பார்கள். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அது வளைந்து வளைந்து இழை இழையாக அறுந்துபோகும். கப்ளிங் மாற்றிய மெக்கானிக் அதைத் திரும்பப் போட மறந்த வண்டிகளும் உண்டு. போதாக்குறைக்கு ஹெரால்டின் பாடியும் சேஸியும் (அடிச்சட்டமும்) தனித்தனி. போல்ட்டில் துரு ஏறினால் அங்கேயும் எர்த் போகும். சென்னையை அடுத்த வண்டலூரில் செய்த வண்டிதான், ஆனாலும் கடற்காற்றுக்கு அது தப்பவில்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் நிற்கும் வண்டிகளில் செம்பு முனைகளெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும்.

சோதிக்க 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் ஒன்று போதும். நெகட்டிவ் எர்த் வண்டியில் (பேட்டரியின் நெகட்டிவ் பாடியில் இணைந்தது) லாம்ப்பின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் கவ்விவிட்டு, மறுமுனையை ஹாரனின் இரண்டு டெர்மினலிலும் தொட்டுப் பாருங்கள். பட்டனை அழுத்தாதபோது இரண்டிலும் எரிய வேண்டும். ஒன்றில்கூட எரியாவிட்டால் ஃபியூஸ் பக்கம் போங்கள். ஒன்றில் மட்டும் எரிந்தால் ஹாரனின் உள் காண்டாக்ட் திறந்து கிடக்கிறது. இரண்டிலும் எரிந்து, பட்டனை அழுத்தியும் ஒன்றுகூட அணையாவிட்டால் ஹாரன் குற்றவாளி அல்ல. பட்டன் பக்கம் போகும் டெர்மினலை ஒரு வயரால் பாடியில் தொட்டால் உடனே அலறும். அதோடு பட்டன், தண்டு, கப்ளிங் ஆகிய மூன்றில் ஒன்று என்று முடிவாகிவிடும். வயர் நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். லூகாஸ் (பிரிட்டிஷ் மின்பாகக் கம்பெனி) முறையில் ஊதா எப்போதும் கரண்ட் உள்ள வயர், ஊதாவில் கறுப்புக் கோடு பட்டனுக்குப் போவது. ஆனால் இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டிருக்கும்!

ஹாரன் அடிக்கிறது, ஆனால் முனகுகிறது என்றால் கணக்குப் போடலாம். இரண்டு டிஸ்க் ஹாரன் சேர்ந்தால் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். வழியில் அரை ஓம் தடை இருந்தாலே கரண்ட் சுமார் 6 ஆம்பியராக இறங்கி, பேட்டரியின் 12.5 வோல்ட்டில் 3 வோல்ட் போய்விடும், ஹாரனுக்கு 9.5 வோல்ட்தான் மிஞ்சும். மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, பட்டனை அழுத்தியபடியே பேட்டரி பாசிட்டிவுக்கும் ஹாரனின் கரண்ட் டெர்மினலுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மறு டெர்மினலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் எர்த் பக்க இழப்பு தெரியும். ஹெரால்டில் அநேகமாக அதுதான் பெரியது.

இங்கேதான் ரிலே வருகிறது. உள்ளே இருக்கும் காயிலில் சின்னக் கரண்ட் போனால் பெரிய கரண்ட்டை இணைத்துவிடும் சுவிட்ச் அது. 12 வோல்ட், 30 ஆம்பியர், நாலு கால் ரிலே. 30-ஆம் காலுக்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர். 87-லிருந்து ஹாரன்களுக்கு அதே கனம். ஹாரனின் மறுமுனை நேரே பாடி எர்த்துக்கு. காயிலின் இரு முனைகளில் 86-க்குப் பழைய ஊதா வயர், 85-க்குப் பட்டன் வயர். பாசிட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் இணைந்தது) என்றால், காயிலுக்குக் குறுக்கே டயோடு வைத்த ரிலேயைத் தொடாதீர்கள், சாதாரண ரிலே எடுங்கள்.

ஐந்து மழைக்காலம் ஓடியதில் ரிலேயின் நல்லது கெட்டது இரண்டும் தெரிந்துவிட்டது. பட்டன் வழியாகப் போவது 0.15 ஆம்பியர்தான், அதனால் பட்டன் முனை கருகுவது நின்றது. ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கூடச் சத்தம் குறைவதில்லை. கெட்டது, எர்த் கெட்டுப்போவதை ரிலே மூடி மறைக்கிறது. காயில் தடை 80, 90 ஓம். வழியில் இன்னும் 20 ஓம் ஏறினாலும் அது காண்டாக்ட்டை இழுத்துவிடும். அதனால் சத்தம் மெல்லக் குறைந்து எச்சரிப்பதே இல்லை. பட்டையின் கடைசி இழை அறுந்த அன்று அண்ணா சாலை நெரிசலில் திடீரென ஊமையாகிவிடும். ஆகவே பட்டையைச் சரிசெய்துவிட்டுத்தான் ரிலே. இழை அதிகமுள்ள 1.5 ஸ்கொயர் வயர், இரு முனையிலும் ரிங் டெர்மினல், நடுவில் தாராளமான தொய்வு. கோடி முதல் கோடி வரை ஸ்டீயரிங்கைத் திருப்பி, இழுபடவில்லை என்று பார்க்க வேண்டும். விறைப்பாகக் கட்டினால் சீக்கிரமே திரும்பக் கழற்ற வேண்டியதுதான். முனையில் உப்புத்தாள் தேய்த்து, இறுக்கியபின் பெட்ரோலியம் ஜெல்லி.

ரிலேயைக் கால்கள் கீழ்நோக்க, பேட்டரியைவிட உயரமான இடத்தில் மாட்டியது நல்ல முடிவு. பானெட் முழுவதும் முன்னால் சாயும் வண்டி என்பதால் எட்டுவது சுலபம். ஹாரன் வாய் கீழே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே தங்கிவிடும்.

ஃபியூஸில் ஒரு பொறி இருக்கிறது. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய கணக்கில் 35 ஆம்பியர் வாங்கிப் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும்.

ஹாரனைச் சுருதி சேர்ப்பது கடைசி வேலை. ஆம்மீட்டரைத் தொடராக இணைத்து, ஓரத்திலுள்ள அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், ஒவ்வொரு திருப்பலுக்கும் அரை வினாடி அடித்துக் கேளுங்கள். சத்தம் இல்லாமல் ஆம்பியர் மட்டும் ஏறினால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது, உடனே கையை எடுங்கள். நடு நட்டைத் தொடவே கூடாது. சரியான இடம் கிடைத்ததும் ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு பெயின்ட் வைத்தால் அசையாது.