ஸ்பொன்சர் மெடிக்கல்: ஊசியை ஊரில் போடுங்கோ, எக்ஸ்ரேயைக் கொழும்பில் எடுங்கோ

மனைவி அமெரிக்கப் பிரஜை, நான் மானிப்பாய். ஸ்பொன்சர் அலுவல் தூதரகம் வரை வந்துவிட்டது, விசா நேர்முகத்துக்கு முதல் மெடிக்கல், அதாவது உடல் பரிசோதனை, செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் கனடாவுக்கும் லண்டனுக்கும் பிள்ளைகளை அனுப்பாத வீடு குறைவு. யாரைக் கேட்டாலும் "அது ஒண்டுமில்லை, எக்ஸ்ரேதான்" என்பார்கள். அவர்களுக்கு ஊசித் தொல்லை இல்லை. கனடா தடுப்பூசி கேட்பதில்லை, பிரித்தானியாவுக்குக் கசம் (காசநோய்) இல்லை என்ற சான்றிதழ் போதும். அமெரிக்காவுக்குக் குடியேறப் போகிறவரிடம்தான் ஊசிக் கணக்கையும் கேட்கிறார்கள். அதனால் இது இரண்டு இடங்களுக்கான விமர்சனம்: யாழ்ப்பாணத்தில் நான் ஊசி போட்ட சின்னத் தனியார் கிளினிக், கொழும்பில் மெடிக்கல் செய்த வைத்தியசாலை.

பெயர்கள் போடவில்லை. கொழும்பைப் பொறுத்தவரை பெயரால் பெரிய பயனும் இல்லை, ஏனென்றால் தூதரகம் தரும் பட்டியலில் உள்ள வைத்தியரிடம்தான் போக முடியும். வேறு எந்தப் பெரிய நிபுணரின் றிப்போட்டும் செல்லாது.

முதலில் ஊசி. என்னிடம் பிள்ளைக்கால கிளினிக் காட் இல்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டையால் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது அம்மா காணி உறுதியையும் கொஞ்ச உடுப்பையும்தான் எடுத்தவர். காட்டை யார் நினைத்தார்கள்? என் வயதுக்காரர் பலருக்கு இதே நிலைதான். ஆனால் காட் இருந்தாலும் முழுக்கக் கைகொடுக்காது என்பதை அந்தக் கிளினிக் டொக்டர்தான் விளங்கப்படுத்தினார். இலங்கையில் சின்னமுத்து ஊசி 1984 இல் வந்தது. ஹெபடைடிஸ் பி ஊசியைக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது 2003 இல். சின்னமுத்து, ருபெல்லாவோடு கூகைக்கட்டையும் சேர்த்த எம்எம்ஆர் ஊசி 2011 இல்தான் வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிறந்தவரின் காட்டில் ஒரு ஊசி தவறாமல் இருந்தாலும் அமெரிக்கப் படிவத்தில் சில கட்டங்கள் வெறுமையாகத்தான் கிடக்கும்.

அந்த டொக்டர் அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊசிப் பட்டியலைக் காட்டியதும் பேனையை எடுத்து வெட்டத் தொடங்கினார். "தம்பி, உமக்குக் கொப்புளிப்பான் வந்ததோ?" வந்தது, பள்ளிக்கூடம் போகாமல் வேப்பிலைக்குள் கிடந்தேன் என்றேன். "அப்ப அதை அங்கை சொல்லும், எழுதுவினம். அந்த ஊசி வேண்டாம்." ஹெபடைடிஸ் பி மூன்று ஊசி: முதலாவது, ஒரு மாதம் கழித்து, பிறகு ஆறாம் மாதம். மூன்றும் முடியாமல் மெடிக்கலுக்குப் போக முடியாது என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது, இதை நம்பி நேர்முகத்தையே தள்ளிப்போட்டவர்களும் இருக்கிறார்கள். அது பிழை. தொடங்கியிருந்தால் போதும், அடுத்ததற்கு இன்னும் காலம் வரவில்லை என்று வைத்தியர் படிவத்தில் குறிப்பார். ஏற்புவலி ஊசி பத்து வருடத்துக்கு ஒருமுறை. எனக்குக் கடைசியாக எப்போது போட்டது என்றே தெரியாது, அதனால் அதையும் போட்டார்.

எம்எம்ஆர் கையிருப்பில் இல்லை. கொழும்பிலிருந்து குளிர்ப்பெட்டியில் வரவழைத்தார்கள், காசு முன்கூட்டியே கட்ட வேண்டும், வரும் வரை பொறுக்க வேண்டும். இது ஒரு குறைதான். ஆனால் வந்த பிறகு நேர்ஸ் குப்பியைக் கையில் தந்து காலாவதித் திகதியை என்னையே வாசிக்கச் சொன்னார். ஊசியின் பெயர், திகதி, தொகுதி இலக்கம், கையொப்பம், முத்திரை எல்லாம் ஒரு அட்டையில். கொழும்பில் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டது அந்த அட்டையைத்தான். வெறும் கடிதத்தில் "எல்லாம் போட்டவர்" என்று எழுதிக் கொண்டுவந்த ஒருவரைத் திரும்பப் போடச் சொன்னார்கள்.

பெண்கள் கவனிக்க: எம்எம்ஆரும் கொப்புளிப்பான் ஊசியும் கர்ப்பமாக இருந்தால் போடுவதில்லை, போட்டால் ஒரு மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்கக்கூடாது. இரண்டும் தேவையென்றால் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் 28 நாள் இடைவெளி. கலியாணம் முடிந்த கையோடு ஊசிக்கு ஓடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லுவதில்லை.

சரி, கொழும்பு. இரவு பஸ்ஸில் போய் வெள்ளவத்தையில் இறங்கி, லொட்ஜில் முகம் கழுவி, ஓட்டோவில் போய்ச் சேர்ந்தேன். வேலை சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும். நம்பர் பிசகவில்லை. உயரம், நிறை, கண், பிரஷர், இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, கடைசியில் டொக்டர். இரத்தத்தில் சிபிலிஸ் பார்க்கிறார்கள், சிறுநீரில் கொனோரியா, இரண்டும் பாலியல் நோய்கள். எச்ஐவி இப்போது கட்டாயமில்லை, 2010 இல் எடுத்துவிட்டார்கள்.

எக்ஸ்ரே எடுத்தவர் சங்கிலியைக் கழற்றவில்லையா என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார். சங்கிலி இல்லை, தோளுக்குள் சின்ன வயதில் ஏறிய செல் துண்டு. டொக்டர் தழும்பைத் தடவிப் பார்த்து எழுதினார், அவ்வளவுதான். இரும்பு அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நுரையீரலில் பழைய கச வடு மாதிரி ஏதாவது தெரிந்தால்தான் கதை நீளும்: மூன்று காலைகள் சளி எடுத்து, அதை வளர்த்துப் பார்க்க ஏறக்குறைய இரண்டு மாதம். இருமல் இருக்கிறவர்கள் ஊரிலேயே முதலில் காட்டிவிட்டுப் போவது புத்தி.

குறைகளுக்கு வருகிறேன். ஊசிக்குத் தனிக் காசு என்பதைப் பதிவு செய்யும்போது சொல்லவில்லை. என் பக்கத்தில் இருந்தவருக்கு ஊசிப் பில்லைக் கண்டதும் முகம் மாறியது. அவருக்கும் கொப்புளிப்பான் வந்ததாம், ஆனால் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. அடுத்தது மொழி. படிவம் ஆங்கிலம், பேச்சு சிங்களம். மகள் ஸ்பொன்சரில் கூப்பிட்ட ஒரு சாவகச்சேரி அம்மா, எக்ஸ்ரேயில் மூச்சை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று தெரியாமல் தடுமாறினார். கதவுக்கு வெளியே நின்று நான்தான் "இழுத்துப் பிடியுங்கோ அம்மா" என்று கத்தினேன். 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் கிறீன் எங்கள் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அதே அமெரிக்காவுக்குப் போகிற மெடிக்கலில் தமிழ் தெரிந்த ஒரு ஆளை நிறுத்த இன்றைக்கு இவர்களால் முடியவில்லை.

கொழும்புக்கு ஐந்தில் மூன்று. வேலைக்கு நான்கு கொடுத்திருப்பேன், அந்த அம்மாவுக்காக ஒன்றைக் குறைக்கிறேன். யாழ் கிளினிக்குக்கு நான்கரை, எம்எம்ஆருக்குக் காத்திருந்ததால் அரை போச்சு.

இன்னொன்று, அவசரப்பட்டு வெள்ளனவே மெடிக்கல் செய்யாதீர்கள். பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும், விசாவின் முடிவுத் திகதியும் அதை ஒட்டித்தான் வரும். வீடு, வேலை, நகை என்று ஒழுங்குபடுத்த ஆட்களுக்கு எவ்வளவு காலம் தேவை என்பது உங்களுக்குத் தெரியும். நேர்முகத் திகதி கையில் வந்த பிறகு பஸ்ஸுக்குப் பதியலாம். ஊசியை மட்டும் இன்றைக்கே தொடங்குங்கள். என் ஹெபடைடிஸ் இரண்டாவது ஊசியும் அதே யாழ் கிளினிக்கில்தான், மூன்றாவது அமெரிக்கா போய் மனைவியின் காப்புறுதியில்.