குன்னூரில் ஒரு பதின்மூன்று வயதுப் பையனும் அவனுடைய முதல் ஏர் ரைபிளும்

என் தங்கை மகன் தன் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு என்னிடம் கேட்டது வேட்டைத் துப்பாக்கி. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் என் தாத்தாவின் படம்தான் அந்த ஆசைக்கு வித்து: தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி, காலடியில் ஒரு கடமான். அந்தக் காலத்திலும் நீலகிரியில் நினைத்தவர் நினைத்ததைச் சுட்டுவிட முடியாது; 1879-ஆம் ஆண்டிலேயே இம்மலைக்கென்று தனியாக வேட்டை, மீன்பிடிப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பின்னர் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோடு தாத்தாவின் பொழுதுபோக்கு அடியோடு முடிந்தது. இன்று முதுமலை போன்ற சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ தாத்தா மாதிரி குறி பார்க்கக்கூட நான் கத்துக்க முடியாதா மாமா?" என்றான். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக வாங்கிய, காற்றழுத்தத்தால் குண்டைச் செலுத்தும் ஏர் ரைபிளைப் பத்து மாதம் பயன்படுத்திப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. என் அடையாளச் சான்றின் நகலை வாங்கிக்கொண்டு என் பெயரில்தான் பில் போட்டார்கள். துப்பாக்கி என் பொறுப்பில், என் அலமாரியில், பூட்டுக்குள் இருக்கிறது. உரிமம் வேண்டாம் என்பதால் மணிப்புறாவையோ காட்டு முயலையோ சுடலாம் என்று பொருளாகாது. அட்டையில் அச்சிட்ட வட்டத்தைச் சுட மட்டுமே இது.

கோவையில் முதலில் நுழைந்த கடையில், யாருக்கு வாங்குகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்பே, "இது ஆயிரம் அடி போகும் சார்" என்றார்கள். விநாடிக்கு ஆயிரம் அடி, அதாவது ஏறத்தாழ 305 மீட்டர். பெட்டியின் மேலும் அந்த எண்தான் பெரிய எழுத்தில் இருந்தது. மிக இலேசான உலோகக் கலவைக் குண்டைப் போட்டால் கிடைக்கிற வேகம் அது. அரை கிராமுக்குச் சற்று மேலான சாதாரண ஈயக் குண்டில், 20 ஜூல் முழுவதையும் கணக்கிட்டாலும், விநாடிக்கு 275 மீட்டரைத் தாண்டுவது கடினம். அது இருக்கட்டும். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில். அந்தப் போட்டிக்குரிய துப்பாக்கிகள் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் சுடுகின்றன. அரை மில்லிமீட்டர் அகலமே உள்ள மையப் புள்ளியைத் தொட அந்த வேகமே போதுமென்றால், பதின்மூன்று வயதுப் பையனுக்கு அதைவிட எதற்கு? வேகம் கூடக் கூட ஸ்பிரிங் கடினமாகும், எடை கூடும், அதிர்வு கூடும். அந்தக் கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பையனை ஒருமுறைகூடத் துப்பாக்கியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இரண்டாவது கடையில் ஒரு வயதானவர் இருந்தார். அவர் செய்த முதல் காரியம், தோளில் சாய்க்கும் கட்டையின் பின்நுனியை மருமகனின் முழங்கை மடிப்பில் வைத்து, ஆள்காட்டி விரல் விசைக்கு (டிரிகருக்கு) எட்டுகிறதா என்று பார்த்தது. எட்டவில்லை, இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது. கட்டையின் பின்நுனியிலிருந்து விசை வரையுள்ள நீளம் பெரியவர்களுக்கான துப்பாக்கியில் பொதுவாக 36 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். கை எட்டாத பிள்ளை உடம்பைப் பின்னால் வளைத்து, கன்னத்தைக் கட்டையில் பதிக்க முடியாமல் கழுத்தை நீட்டிச் சுடப் பழகிவிடும். அந்தக் கோணல் பழக்கத்தை மாற்ற, கற்றுக்கொண்டதைப்போல் இரண்டு மடங்கு காலம் ஆகும். பிறகு அவர் குழலை மடக்கச் சொன்னார். இந்த ரகத்தில் குழலையே நெம்புகோலாக மடக்கித்தான் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். முதல் கடையில் பார்த்த துப்பாக்கியின் ரகத்தையே எடுத்துக் கொடுத்தார். பையன் அதை வயிற்றில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, பாதியில் விட்டுவிட்டான். அதைவிட ஆற்றல் குறைந்த, மூன்று கிலோவுக்கும் குறைவான, மரக்கட்டை போட்ட ஒன்றை ஐந்தாறு முறை மூச்சு வாங்காமல் மடக்கினான். "ஒரு நாளைக்கு நாப்பது தடவை இதைச் செய்யணும்பா, யோசிச்சுக்க" என்றார் பெரியவர். ஒன்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து அதையே வாங்கினோம். நம் நாட்டுத் தயாரிப்பு. இதே வகையை மூன்று நான்கு நிறுவனங்கள் செய்கின்றன, வேறுபாடு பெரிதில்லை என்பதால் பெயரைவிட அளவையே பாருங்கள் என்பேன்.

கட்டை இன்னும் நீளம்தான். மேல் குன்னூரில் எங்களுக்குப் பழக்கமான தச்சரிடம் கொடுத்து, பின்னாலிருந்த ரப்பர் பட்டையைக் கழற்றி, நான்கு சென்டிமீட்டர் துண்டை மெல்லிய ரம்பத்தால் நேராக அறுக்கச் சொன்னேன். அறுத்த துண்டிலும் கட்டையிலும் ஒரே இடத்தில் துளையிட்டு, நீளமான இரண்டு திருகாணிகளைக் கொடுத்தார். பையன் வளர்ந்ததும் துண்டைத் திரும்பப் பொருத்தி, அதன்மேல் ரப்பர் பட்டையை முடுக்கிக்கொள்ளலாம். கட்டையை அறுத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று கடைக்காரர் முன்னமே எச்சரித்திருந்தார். இருந்தாலும் இந்தப் பத்து மாதத்தில் செய்த செலவுகளில் மிக உருப்படியானது தச்சருக்குக் கொடுத்த முந்நூறு ரூபாய்தான்.

சுடும் விதத்துக்கு வருகிறேன். முதல் ஐம்பது குண்டுகள் வரை ஒவ்வொரு முறையும் குழல்வாயில் மெல்லிய புகையும் எண்ணெய் வாடையும் வந்தன. தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் காற்றழுத்தத்தில் எரிவதால் வருவது அது, தானாக அடங்கிவிட்டது. குறிதான் அடங்கவில்லை. ஐந்து குண்டுகள் அட்டையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. துப்பாக்கியில்தான் கோளாறு என்று ஒரு வாரம் நம்பியிருந்தேன். கோளாறு பிடியில் இருந்தது. ஸ்பிரிங் துப்பாக்கியில் உள்ளே இருக்கும் உருளை (பிஸ்டன்) முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். உருளை போய் முட்டியதும் முன்னால் உதைக்கும். குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்குள் இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் பிடியின் அழுத்தம் மாறி, ஆட்டமும் மாறும். இடது உள்ளங்கையை விரித்து, தட்டில் வைப்பதுபோல் முன்கட்டையை அதன்மேல் சும்மா கிடத்திச் சுடச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து குண்டுகளும் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. பையனைவிட எனக்குத்தான் அன்று தலைகால் புரியவில்லை.

விசை இத்துப்பாக்கியின் குறை. இரண்டு கட்டமாக இயங்குகிறது என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இரண்டாவது கட்டம் எங்கே தொடங்குகிறது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை, கனமும் அதிகம். ஆயிரம் குண்டுகளுக்குப் பிறகு சற்று இளகியிருக்கிறது. கூடவே இலவசமாகத் தந்த, குறி பார்க்கும் தொலைநோக்கியை இருநூறாவது குண்டுக்குள் கழற்றிவிட்டோம். இருபக்க உதையில் அதனுள் இருந்த குறுக்குக்கோடு சாய்ந்துவிட்டது. குழலில் இருக்கும் சாதாரணக் குறிகாட்டியே கற்றுக்கொள்ள நல்லது.

குண்டு வாங்கும்போது தலை தட்டையானதைக் கேளுங்கள். அட்டையில் பஞ்ச் வைத்ததுபோல் வட்டமாகத் துளை விழும், எண்ண எளிது. எல்லாம் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கைத் தொடக்கூடாது என்பது வீட்டில் சட்டம். குண்டு இல்லாமல் வெறுமனே சுடக்கூடாது. இடையில் காற்றின் தடை இல்லாததால் உருளை நேராக மோதி உறுப்புகள் கெடும். குண்டைச் செருகும்போது மடக்கிய குழலை ஒரு கை பிடித்தபடியே இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் பற்று நழுவிக் குழல் நிமிர்ந்தால் விரல் நசுங்கும். இதை மட்டும் அவனிடம் நான் தினமும் சொல்கிறேன், அவனும் தினமும் சலித்துக்கொள்கிறான்.

மலையில் வேறு இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று இடம். எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே அடுத்த வீட்டுக் கூரை; கீழ்நோக்கிச் சுடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக்குப் பின்னால் மேட்டை ஒட்டிப் பத்து மீட்டர் அளந்து, பழைய செய்தித்தாள்களை நெருக்கமாக அடைத்த மரப்பெட்டியை மண்சுவரின் முன்னால் வைத்திருக்கிறேன். கருங்கல் சுவராக இருந்தால் ஈயம் தெறித்துத் திரும்பும். மண்சுவரானாலும் இருவருமே கண்ணாடி அணிந்துதான் நிற்கிறோம். மற்றொன்று ஈரம். ஆடி மாதத்தில் மூன்று நாள் உறைக்குள் வைத்ததற்கே குழலின்மேல் செம்புள்ளிகள் பூத்துவிட்டன. அதற்குப் பிறகு உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொட்ட ஒவ்வொரு நாளும் தையல் மிஷின் எண்ணெய் நனைத்த துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து, காற்றோட்டமாக நிறுத்தி வைக்கிறோம். அழுத்த அறைக்குள் எண்ணெய் விடக்கூடாது. மறுபடி புகையத் தொடங்கிவிடும்.

அழுத்தக் காற்றைக் கலனில் அடைத்துச் சுடும் போட்டித் துப்பாக்கி இதைவிட எல்லா வகையிலும் மேல்: உதை இல்லை, மடக்கும் வேலை இல்லை. ஆனால் வெளிநாட்டுத் தயாரிப்பின் விலை லட்சங்களில் போகிறது. காற்று நிரப்ப பம்போ சிலிண்டரோ தனியாக வேண்டும். பையன் மாவட்டப் போட்டி என்று ஏதாவது பேசத் தொடங்கினால் கோவையில் பயிற்சிக் கூடம் இருக்கிறது, அங்கேயே அவர்கள் துப்பாக்கியில் சுட்டுப் பார்க்கட்டும். அதுவரை இதுவே போதும். போன மாதம் மறுபடி முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தோம். விரல் விசையைத் தாண்டிப் போகிறது. அறுத்த துண்டையும் திருகாணிகளையும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.