ஐ.ஓ.டி. என்றால் எந்த டாக்டர்? கம்பெனி மருத்துவர், குடும்ப மருத்துவர், மருத்துவமனை: ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினாறு வருடங்களாகச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். வேலையில் யாருக்காவது அடிபட்டால் படிவம் என் மேசைக்குத்தான் வரும். 'பணியிட விபத்து' என்று இங்கே யாரும் சொல்வதில்லை. கோயிலில் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரும் ஐ.ஓ.டி. (இஞ்சுரி ஆன் டியூட்டி) என்றுதான் சொல்வார்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஷிஃப்ட் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் ஒரு தம்பி வலது கையில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னல் முன் வந்து நின்றான். ரோலரில் சுட்டுவிரல் மாட்டியிருந்தது. துணியின் ஓரம் கறுப்பாகவா சிவப்பாகவா என்று சொல்ல முடியாத நிறத்தில் இருந்தது.

"அக்கா, கம்பெனி டாக்டரிடம்தான் போக வேண்டும் என்கிறார் ஃபோர்மன். எங்கள் வீட்டு டாக்டரிடம் போகக் கூடாதா?"

போகலாம். 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் சட்டம், அதாவது நாம் கோய்டா என்று சொல்லும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம், நடைமுறையில் இதைத் தொழிலாளியிடமே விட்டிருக்கிறது. வேலைக் காயங்களுக்குப் பணம் தரும் அரசின் இழப்பீட்டு நிதியம் மருத்துவர்களுக்கான கட்டண விகிதத்தை அரசிதழில் வெளியிடும்போது அதன் பொது விதிகளில் இதைச் சொல்லியே வைத்திருக்கிறது: மருத்துவர், மருந்துக்கடை, பிசியோதெரபிஸ்ட், மருத்துவமனை எல்லாம் தொழிலாளியின் விருப்பம், நியாயமாக நடந்துகொள்ளும்வரை யாரும் தலையிடக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நிதியத்தின் ஒப்புதலோடு மருத்துவமனை, செவிலியர் உட்பட முழு மருத்துவ வசதியை முதலாளியே நடத்தினால் அங்கேதான் போக வேண்டும். அது 78ஆம் பிரிவு. வாசலில் ஒரு நர்ஸும் பிளாஸ்டர் டப்பாவும் இருந்தால் அது 78ஆம் பிரிவு ஆகிவிடாது.

ஆக, உரிமை இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

கம்பெனி டாக்டரையே முதலில் பார்ப்போம். அவர் பக்கம் உள்ள நன்மைகளை மறைக்க மாட்டேன். உடனே பார்ப்பார், கையிலிருந்து காசு போகாது. படிவங்கள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விபத்து நடந்ததாகத் தெரிந்த ஏழு நாளுக்குள் முதலாளி தன் விபத்து அறிக்கையான டபிள்யூ.சி.எல்.2ஐ அனுப்ப வேண்டும். முதல் மருத்துவ அறிக்கையான டபிள்யூ.சி.எல்.4ஐ மருத்துவர் பதினான்கு நாளுக்குள் தர வேண்டும். கம்பெனி டாக்டரிடம் போனவர்களின் தாள்கள் என் மேசையில் தேங்கியதே இல்லை.

தேங்காததற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மூன்று நாளுக்குள் வேலைக்குத் திரும்பிவிட்டால் தற்காலிக இயலாமைக்கு இழப்பீடு கிடையாது. அதைத் தாண்டினால் சம்பளத்தில் 75 சதவீதம் வரும். முதல் மூன்று மாதம் முதலாளி கொடுத்துவிட்டு நிதியத்திடம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மாதம் 8,000 ராண்ட் வாங்குபவருக்கு 6,000. கம்பெனி அனுப்பும் காசில் பிழைக்கும் மருத்துவருக்கு இந்தக் கணக்கு தெரியும். 'லைட் டியூட்டி' என்று இரண்டே சொல் எழுதுவார். கட்டுப்போட்ட கையோடு நம் ஆள் வாசலில் லாரி எண் குறித்துக்கொண்டிருப்பார். எல்லாக் கம்பெனி டாக்டரும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் அவர் யாருடைய சோற்றைச் சாப்பிடுகிறார் என்பதை மறந்துவிட்டு அவர் முன் உட்காராதீர்கள்.

இனி வீட்டு டாக்டர். சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் முப்பது வருடமாக ஒரே அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. தாத்தாவின் சர்க்கரை அளவும் பேரனின் தடுப்பூசி அட்டையும் அவர்களுக்கு மனப்பாடம். உங்கள் சொல்லைக் கேட்பார், வலிக்கிறது என்றால் நம்புவார். பழைய காயம் எது, புதிய காயம் எது என்று அவரால் எழுத முடியும். முதுகுவலி வழக்குகளில் இதற்குத் தங்கத்தின் மதிப்பு.

குறை என்ன? பலர் ஐ.ஓ.டி. எடுப்பதில்லை. நிதியத்திடமிருந்து பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது என்று அலுத்துப்போய், வரவேற்பறையிலேயே கையை விரித்துவிடுகிறார்கள். எடுத்துக்கொள்பவர்களிலும் சிலர் படிவத்தைத் தலைவலியாகவே பார்ப்பார்கள்: காயத்தின் வகையைக் குறிக்கும் ஐ.சி.டி. குறியீடு விட்டுப்போகும், விபத்துத் தேதியும் முதலில் பார்த்த தேதியும் இடம் மாறும். அதோடு நம் பெயர்கள். முதலியார் மூட்லி ஆகி, சுப்பிரமணி நான்கு விதமாக எழுதப்படும் ஊர் இது. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, மருத்துவ அறிக்கையில் வேறு எழுத்து என்றால் கிளெய்ம் அங்கேயே படுத்துவிடும்.

அரசு மருத்துவமனையைப் பற்றி நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம் இருக்கிறது. கை, எலும்பு விஷயத்தில் அது தவறு. பெரிய காயத்துக்கு வேண்டிய அறுவை மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். சாட்ஸ்வர்த்துக்கு ஆர்.கே. கான், ஃபீனிக்ஸுக்கு மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, அவற்றுக்கும் மேலே அனுப்ப வேண்டுமானால் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி என்று படிப்படியான அமைப்பு உண்டு. பொதுவாக அரசு மருத்துவமனையில் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. இன்று தையல் போட்டவர் அடுத்த வாரம் வேறு வார்டில் இருப்பார். பயிற்சி மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் படிவம் யாருடைய பொறுப்பும் ஆகாமல் கோப்பில் தூங்கும். அங்கே போகிறவர் டபிள்யூ.சி.எல்.4 தாளைக் கையில் எடுத்துப்போய், பார்த்த மருத்துவரிடமே அன்றே கையெழுத்து வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

தனியார் மருத்துவமனையின் கேஷுவால்ட்டி, அதாவது அவசரப் பிரிவு, பற்றிச் சுருக்கமாக: ரத்தம் நிற்கவில்லை, எலும்பு தெரிகிறது என்றால் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 27ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் அந்த 'அவசரம்' குறுகலானது. 1997இல் டயாலிசிஸ் கேட்டு அரசமைப்பு நீதிமன்றம் வரை போன டர்பன்காரர் தியாகராஜ் சுப்பிரமணியின் வழக்கில், நாள்பட்ட நோய் அதற்குள் வராது என்று தீர்ப்பானது. ரத்தம் நின்ற பிறகு கம்பெனிக் கடிதம், அடையாள அட்டை நகல், டபிள்யூ.சி.எல்.2 எல்லாம் கேட்பார்கள்.

இங்கே ஒரு வார்த்தை. "வீட்டில் நடந்தது என்று சொல்லி மெடிக்கல் எய்டு அட்டையைக் காட்டிவிடு" என்று, அதாவது சொந்த மருத்துவக் காப்பீட்டில் போடச் சொல்லி, மேற்பார்வையாளர் காதில் சொன்னால் கேட்காதீர்கள். முதல் மருத்துவர் 'வீட்டில் விழுந்தார்' என்று எழுதிவிட்டால், பிறகு அதை அழிக்க எந்த ரப்பரும் கிடையாது.

என் கட்சி இது: சின்னக் காயமோ பெரிய காயமோ, குணமாக்கும் கையோடு எழுதும் கையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனென்றால் நிரந்தர ஊனத்துக்கான பணத்தை நிதியம் உங்களை நேரில் பார்த்து முடிவு செய்வதில்லை, பெரும்பாலும் தாளைப் பார்த்துத்தான். 30 சதவீத ஊனம் வரை மொத்தமாக ஒரு தடவை தரும் தொகை, அதற்கு மேல் மாத ஓய்வூதியம். 30 சதவீதத்துக்கு மாதச் சம்பளத்தின் பதினைந்து மடங்கு என்பது அடிப்படை. குறைந்தபட்ச, உச்ச வரம்புகள் தனி. அதன்படி 10 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஐந்து மாதச் சம்பளம். நம் 8,000 ராண்ட்காரருக்கு 40,000. 'விரல் கொஞ்சம் விறைப்பாக உள்ளது' என்று எழுதினால் அந்தப் பத்து எங்கிருந்து வரும்?

தம்பியின் வீட்டு டாக்டர் ஐ.ஓ.டி. எடுப்பவராக இருந்தது அவன் அதிர்ஷ்டம். அன்றிரவு தையல் கேஷுவால்ட்டியில், மறுநாளிலிருந்து அவரிடம். கடைசி அறிக்கையான டபிள்யூ.சி.எல்.5 அன்று நானும் உடன் போயிருந்தேன். பள்ளிக்கூடக் கோணமானி போல ஒன்றை விரல் கணுவில் வைத்து, மடக்கச் சொல்லி, ஒவ்வொரு மூட்டும் எத்தனை டிகிரி என்று மூன்று முறை அளந்து எழுதினார். படிவம் டிகிரியில்தான் கேட்கிறது. அவரிடம் அந்தக் கருவி இருந்தது என்பதற்காகவே நான் அவரை மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

தேர்ந்தெடுத்த பின் சும்மா மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். மருத்துவரை மாற்றுவதை நிதியம் விரும்புவதில்லை. தக்க காரணம் வேண்டும். நிபுணரிடம் அனுப்பினால் தவிர, முதலில் பார்த்தவரையே பொறுப்பு மருத்துவராகக் கொள்வார்கள். சிகிச்சைச் செலவு விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுவரை, அதற்கு மேலும் பயன் உண்டு என்று காட்டினால் நீளும். முதலாளிக்கோ நிதியத்துக்கோ தெரிவிக்காமல் மருத்துவரிடம் 'இது ஐ.ஓ.டி.' என்று சொல்லி வைத்தியம் பார்த்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

சில சமயம் நிதியமே தன் மருத்துவரிடம் பரிசோதனைக்கு அழைக்கும். அதற்குப் போயாக வேண்டும். ஆனால் உங்கள் செலவில் உங்கள் மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள 42ஆம் பிரிவு இடம் தருகிறது. இதுவரை என்னிடம் வந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. முடிவு பிடிக்காவிட்டால் ஆட்சேபம் தெரிவிக்க 180 நாள் உண்டு. என் மேசைக் காலண்டரில் தம்பியின் நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.