திருநெல்வேலிக் கடையில் தைத்த புத்தகம்

நீதிமன்றத்தில் 28 வருடம் வழக்கேடு தட்டச்சு செய்தவள் நான். பைண்டிங்கில் என்னை ஏமாற்றுவது கஷ்டம். பேத்தி சட்டம் படிக்கப் போகிறாள் என்று, அமெரிக்க நீதிபதி கொன்ஸ்ரன்ஸ் பேக்கர் மொட்லியைப் பற்றித் தமிழில் 96 பக்கம் எழுதினேன். அதைக் கட்டத்தான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகப் பக்கமுள்ள ஒரு சின்னக் கடைக்குப் போனேன்.

சுருள் கம்பி வேண்டாம், நூல் தையல் வேண்டும் என்றேன். தம்பி முகம் சுளிக்கவில்லை. ஓரத்தில் துளையிட்டு, மெழுகு பூசிய நூலை இரண்டு தரம் இழுத்து முடிச்சுப் போட்டார். மேலே கடும் நீல றெக்சின். விரித்து மேசையில் வைத்தேன், ஒரு தாளும் கழரவில்லை. 1,200 ரூபா. நியாயம்தான்.

குறையும் உண்டு. 71ஆம் பக்கம் தலைகீழ்!

அது 1975ஆம் ஆண்டுக் கதை. பெண்களுக்குப் பாகுபாடு காட்டியதாக ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் மீது வழக்கு. நீங்கள் கறுப்பினப் பெண், முன்பு உரிமை வழக்குகள் பேசியவர், விலகுங்கள் என்று எதிர்த்தரப்பு மொட்லியிடம் கேட்கிறது. 70ஆம் பக்கம் அங்கே முடிகிறது. “அம்மா, குறை நினைக்காதேங்கோ, இவ விலகினவவோ எண்டு பாக்கத்தான் அடுத்த தாளை எடுத்தனான்” என்றார் தம்பி. திரும்ப வைக்கும்போது புரண்டுவிட்டது.

அவர் விலகவில்லை. நீதிபதிகள் எல்லாருமே ஆணோ பெண்ணோதான், முன்பு சட்டத்தரணிகளாக இருந்தவர்கள்தான். அதைக் காரணம் காட்டினால் இந்த வழக்கைக் கேட்க யாருமே மிஞ்சமாட்டார்கள் என்று எழுதினார். உச்ச நீதிமன்றத்தில் 10 வழக்குப் பேசி 9இல் வென்றவரிடம் போய் அப்படிக் கேட்கலாமா?

எங்கள் மேல் நீதிமன்ற நீதிபதிகள் 61 வயதில் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே ஆயுள் பதவி. 1966இல் நியூயோர்க்கில் பதவியேற்ற மொட்லி, 2005இல் இறக்கும்வரை நீதிபதியாகவே இருந்தார். கூட்டாட்சி நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர்.

சரி, கடைக்கு வருகிறேன். முழுத் தையலையும் பிரித்து, புது நூலில் தைத்துத் தந்தார். மேலதிகக் காசு கேட்கவில்லை. கட்டுவதற்கு முன், என்னிடம் கேட்டுவிட்டு, 71ஆம் பக்கத்தைத் தனக்கொரு போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டார்.

போவதென்றால் காலையில் போங்கள். மாணவர்கள் ஒப்படை கொடுக்கும் நாட்களில் வாசலில் நிற்கவும் இடமிருக்காது.